பச்சைமுத்து சாகாத வாரங்கள்

மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவார்கள், கைக்கடிகாரம் கட்டுவார்கள், வசதியிருந்தால் சைக்கிள்கூட வாங்கித் தருவார்கள். கோவிந்தப்பா தன் மாப்பிள்ளைக்கு ஒரு வீரக்கல் நட்டுக் கொடுத்தார். அதை நினைக்கும்போதெல்லாம் அவர் மனைவி யசோதாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

நிஜக் கல் இல்லை, எழுத்தில்தான். கன்னடச் சீமையில், தொம்மலூரை ஒட்டியிருந்த ராணுவச் சாமான் கிடங்கில் கோவிந்தப்பா ஸ்டோர் கிளார்க். பருப்பு மூட்டை, நெய் டின், கம்பளி, லாடம் என்று பகலெல்லாம் எண்ணிவிட்டு வருவார். வந்து முகம் கழுவி, ஒரு லோட்டா காப்பியைக் குடித்துவிட்டு, கிடங்கில் கழித்துப்போட்ட அச்சடித்த பாரத் தாள்களின் பின்பக்கத்தில் சண்டைக் கதை எழுத உட்கார்ந்துவிடுவார். பிளாக்பள்ளியில் அச்சான ‘தண்டு முரசு’ வாரப் பத்திரிகையில் பதினோரு வருஷமாக அவர் கதைதான் நடுப்பக்கம். யானைப்படை வைத்து எழுதியிருக்கிறார், கடற்படை வைத்து எழுதியிருக்கிறார், பீரங்கி வந்த காலத்துக் கதையும் எழுதியிருக்கிறார். மனுஷன் வாழ்நாளில் ஒரு வெடிகூடக் கொளுத்தியதில்லை. வீட்டில் கோழி அறுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விடுவார்.

அறுபத்திரண்டாம் வருஷம் தை மாதத்தில் மகள் சரளாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பச்சைமுத்து பட்டாளத்தில் சாப்பர். ரோடு போடுவது, பாலம் கட்டுவது வேலை. அதே மாதம் கோவிந்தப்பா புதுத் தொடர் ஆரம்பித்தார். எழுநூறு வருஷத்துக்கு முந்தின கதை. தென்பெண்ணை ஆற்றங்கரையில் கரும்பாறைக் கோட்டை என்று ஒன்று, அதைப் பிடிக்கப் போகிற படை, படைக்கு ஒரு தலைவன். அந்தத் தலைவனுக்கு மாப்பிள்ளையின் பேரையே வைத்துவிட்டார்.

பத்திரிகை ஆசிரியர் சுந்தரராமன் அப்போதே தலையில் கை வைத்துக்கொண்டார். “பச்சைமுத்துன்னு ஒரு படைத்தலைவனா? கேட்டா வாசகன் சிரிப்பான் சார்” என்றார். வாசகன் சிரிக்கவில்லை. மில்லிலும் கிடங்கிலும் பட்டறையிலும் வேலை செய்தவர்களுக்கு, தங்கள் வீட்டுப் பேரோடு ஒருவன் குதிரைமேல் ஏறி உட்கார்ந்தது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். கோவிந்தப்பாவுக்கு ஒரு பழக்கம், முதல் அத்தியாயத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவார். இந்தப் பக்கத்து வயல்களில், சண்டையில் செத்தவனுக்கு நட்ட பழைய கல் வரப்புக்கு வரப்பு உண்டு; ஜனங்கள் குங்குமம் வைத்துக் கும்பிடுவார்கள். அப்படி ஒரு கல்லைக் காட்டித்தான் கதையைத் தொடங்கியிருந்தார். கல்லில் எழுத்து: ‘கரும்பாறைக் கோட்டை வாசலில் பட்டான் பச்சைமுத்து.’

பட்டான் என்றால் செத்தான் என்று அர்த்தம்.

கல்யாணப் பந்தலில் அந்த இதழை எல்லாருக்கும் கொடுத்தார்கள். பச்சைமுத்துவும் படித்துவிட்டு, “நல்லா இருக்குது மாமா” என்று வெட்கப்பட்டுச் சிரித்தான். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, யசோதாவுக்கும்தான். அவள் எரிச்சலில் பாதி அது.

ஐப்பசியில் சண்டை வந்தது. கதையில் இல்லை, நிஜத்தில். வடக்கே பனிமலையில் சீனாக்காரன் இறங்கிவிட்டான் என்று டீக்கடை ரேடியோ சொன்னது. கோவிந்தப்பா கிடங்கில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கம்பளி மூட்டையை லாரி லாரியாக ஏற்றினார்கள். தலைக்குமேல் சாமான் விமானம் போகும்போது கூரை ஓடு கடகடக்கும். ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரளா அண்ணாந்து பார்ப்பாள். மலையடிவாரத்துத் தேஜ்பூரிலிருந்து பச்சைமுத்து போட்ட ஒரு கடுதாசியோடு சரி. ‘மேலே போகிறோம், குளிர் அதிகம்’ என்று நாலு வரி. அப்புறம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பியாட்ரிஸ் வீட்டு முன்வாசலில் பெண்கள் கூடுவது வழக்கம். பியாட்ரிஸ் ஆஸ்பத்திரியில் ஆயா. அவரைக்காய் காலம் வந்துவிட்டால் ஊறவைத்த கொட்டையைக் கூடைகூடையாக நடுவில் வைத்து, தோலைப் பிதுக்கிப் பிதுக்கிப் பருப்பெடுப்பார்கள். விரலெல்லாம் பிசுபிசுக்கும். கூட்டத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் யசோதா ஒருத்திதான். அவள் மட்டும் வேலை செய்யாமல் ‘தண்டு முரசு’ படித்துக் காட்டுவாள்.

“இன்னும் எத்தினி வாரம்க்கா இருக்குது கதை?” என்று கேட்டாள் பியாட்ரிஸ்.

“மூணு.”

பிதுக்குகிற சத்தம் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த வரிசை வீடுகளின் சொந்தக்காரி லட்சுமம்மாதான் வாயைத் திறந்தாள். கன்னடத்துக்காரி, தமிழும் அப்படியே கலந்து வரும்.

“ஏன்ரீ யசோதம்மா, உங்க யஜமானருக்கு புத்தி பேடவா, வேணாமா? உயிரோட இருக்கிற மாப்பிள்ளை பேரை யாராச்சும் கல்லுல போடுவாங்களா?”

“அது கதைதானே லட்சுமம்மா. கதைக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்?”

“சம்பந்தம் இல்லேன்னா நீ ஏன் போன வாரம் சண்டை வந்த எடத்துல ரெண்டு பக்கம் சேத்துத் திருப்பினே?”

யசோதா பத்திரிகையை மடியில் கவிழ்த்து வைத்தாள். திருப்பியது நிஜம்.

“என்னை எங்க டாக்டரம்மாகூடக் கேக்கறாங்க,” என்றாள் பியாட்ரிஸ். “கடைசி சண்டையில அந்தாளு செத்துட்டா, சரளா புருஷனுக்கு இன்னா ஆவும்னு. படிச்சவங்க. சேசுவே, நான் இன்னான்னு சொல்றது?”

“உங்க டாக்டரம்மாவுக்கு வேற வேலை இல்லியா?” என்று சீறினாள் யசோதா. தன் வீட்டில் சரளா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது அவளுக்குத் தெரியும். காலையில் வைத்த களி அப்படியே காய்ந்து கிடந்தது.

கூட்டத்தில் ஒன்றும் பேசாதவள் பெர்னதெத். ஆபீசர் பங்களாக்களுக்குத் துணி தேய்த்துக் கொடுப்பவள். அவள் மகன் மதலைமுத்து பட்டாளத்து லாரி டிரைவர், அவனும் அந்தப் பனிமலைக்குத்தான் போயிருந்தான். அவள் கை மட்டும் நிற்காமல் பிதுக்கிக்கொண்டே இருந்தது. மதலைமுத்து என்று அந்தக் கதையில் யாரும் இல்லை. அதனால் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சாயந்திரம் கோவிந்தப்பா பேனாவுக்கு மை ஊற்றும்போது யசோதா எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“மாத்தி எழுது.”

“எதை?”

“அவன் சாவக் கூடாது.”

“கல்லு நட்டாச்சே யசோதா.”

“புடுங்கு.”

“நாலாயிரம் பேர் படிச்சுட்டாங்க. படிச்சதை எப்பிடிப் புடுங்கறது?”

“அது வேற பச்சைமுத்துன்னு எழுது. ஊருக்கு ஒருத்தனுக்குத்தான் அந்தப் பேரா?”

“அது வாசகனை ஏமாத்தறது.”

“ஓகோ. பெத்த பொண்ணு வயித்துப் புள்ளையோட பட்டினி கெடக்கலாம், வாசகனை மட்டும் ஏமாத்தக் கூடாது. ரொம்ப நல்ல நியாயம்யா உன்னுது!”

கோவிந்தப்பா பேனாவை மூடினார். “எனக்கு மட்டும் வலிக்கலியா? தினம் அந்த வாசல் வரைக்கும் அவனைக் கொண்டுபோயி, எழுத முடியாம திரும்பி வர்றேன். ஆனா பாரு, அவன் அங்க சாவறதுக்குன்னே நாப்பது அத்தியாயம் கட்டியிருக்கேன். ஒரு செங்கல்லை உருவினா…”

“உன் செங்கல்லுல இடி விழ.”

அவள் எழுந்துபோய் அடுப்பில் எதையோ டங்கென்று வைத்தாள். திரும்பி வந்தாள்.

“கல்லுல தேதி போட்டிருக்கா?”

“இன்னா தேதி?”

“என்னிக்கி செத்தான்னு.”

அவர் யோசித்தார். “இல்ல. எடம் மட்டுந்தான்.”

“அப்ப படை மெதுவாப் போவட்டும்.”

“மெதுவான்னா? கோட்டை அஞ்சு கல்லு தூரத்துல தெரியுதுன்னு போன வாரம் எழுதிட்டேனே. வழியில படை இன்னா பண்ணும்?”

யசோதாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. “இன்னா பண்ணுமா? துன்னும்! பத்தாயிரம் பேரை நாப்பது வாரமா நடக்க வெச்சிக்கினு இருக்கியே, ஒரு நாளாவது அவனுங்களுக்கு ஒரு வாய் சோறு போட்டியா? பகல் பூரா பருப்பு மூட்டை எண்ணிட்டு வர்ற ஆளுக்கு இது தோணலியா? வாள் வீசினான், வேல் எறிஞ்சான்… வெறும் வயித்துலயா எறிஞ்சான்?”

கோவிந்தப்பா மூடின பேனாவைத் திறந்தார். பிறகு ஒரு பாரத்தை இழுத்துத் திருப்பிப்போட்டு, பத்தாயிரம் பேருக்கு ஒரு வேளைக்கு எத்தனை மூட்டை கேழ்வரகு என்று ஓரத்தில் கணக்குப்போட ஆரம்பித்தார்.

இப்படித்தான் கரும்பாறைக் கோட்டைக்கு அஞ்சு கல் தூரத்தில் அந்தப் படை நின்றுபோனது.

முதல் வாரம் கேழ்வரகு அரைத்தார்கள். எத்தனை திரிகை, ஒரு திரிகைக்கு எத்தனை ஆள், மாவு கட்டிதட்டாமல் களி கிண்ட எவ்வளவு நீளத்தில் துடுப்பு வேண்டும் என்று எல்லாம் எழுதினார். துடுப்பு நீளம் யசோதா சொன்னது. இரண்டாம் வாரம் உப்பு தீர்ந்தது. மூன்றாம் வாரம் வண்டி மாடுகளுக்குக் கோமாரி. நாலாம் வாரம் நாலு நாள் தூறல், நனைந்த கம்பளி காயவில்லை. ஈரக் கம்பளி எத்தனை சேர் எடை கூடும் என்று கோவிந்தப்பாவுக்கு உள்ளங்கையில் தெரியும். பதினோரு வருஷம் வாளும் வேலும் எழுதிய மனுஷன், தனக்குத் தெரிந்ததை அப்போதுதான் முதல்முதலாக எழுதினார்.

பெண்கள் வாயைத் திறக்காமல் கேட்டார்கள். ஒரு சனிக்கிழமை பெர்னதெத் கேட்டாள், “வண்டி ஓட்டறவங்களுக்கும் அதே சோறுதானாக்கா?”

“அதே சோறுதான்” என்றாள் யசோதா.

“சூடாவா?”

“சூடாத்தான்.”

பெர்னதெத் தலையாட்டிக்கொண்டாள்.

கார்த்திகையில் சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோ சொன்னது. கடுதாசி மட்டும் வரவில்லை. வந்தது சுந்தரராமன்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, வேட்டிச் சேற்றைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தார்.

“என்ன சார் இது? ஆறு வாரமாச்சு. உப்பு, மாடு, கம்பளி! போன வாரம் பூரா செருப்பு தைக்கறீங்க. நிஜப் போரே முடிஞ்சுபோச்சு, உங்க போர் இன்னும் ஆரம்பிக்கலை. கடைசி அத்தியாயத்துக்குப் படம்கூட வரைஞ்சு வாங்கி வெச்சுட்டேன். கோட்டை வாசல்ல, நெஞ்சுல வேலோட…”

“காப்பி குடிங்க” என்றாள் யசோதா, டம்ளரை டப்பென்று வைத்து. “படத்தை எடுத்துக்கினு போயி உங்க வீட்டு நடையில மாட்டிக்குங்க.”

“அம்மா, நான் பத்திரிகை நடத்தறேன். சமையல் புஸ்தகம் நடத்தலை.”

“ஏன், வாங்கறது கொறைஞ்சு போச்சா?”

சுந்தரராமன் காப்பியைக் குடித்தார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டு கார்டை எடுத்துப் பாயில் போட்டார். “கொறையலை. அதான் எனக்குப் புரியலை. இதைப் படிங்க. ஹெப்பகோடியிலேருந்து ஒரு அம்மா. என் பிள்ளையும் நேஃபாவிலே, அந்தப் பனி எல்லையிலே இருக்கான், அங்கே என்ன சாப்பிடறான்னு அவன் எழுதவே மாட்டான், நீங்க எழுதறதைக் கேட்டுட்டுத்தான் நான் சாப்பிட உக்காரறேன், அப்படின்னு யாரையோ விட்டு எழுதியிருக்கா. இந்த மாதிரி பதினெட்டு.”

கோவிந்தப்பா ஒவ்வொரு கார்டாக எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அதுக்காக எத்தனை நாள் இழுக்கறது?” என்றார் சுந்தரராமன், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

மார்கழியில் சரளாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை நல்லபடி, தாய்தான் எலும்பும் தோலும். பொங்கல் கழிந்து நாலாம் நாள் தபால்காரர் வந்து, உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றார். கையில் இன்லண்ட் கடுதாசி. மேலே பட்டாளத்து முத்திரை. விலாசத்துக் கையெழுத்து பச்சைமுத்துவுடையது இல்லை.

கோவிந்தப்பா வாங்கினார். வாளால் வெட்டியும் யானைக்காலில் மிதித்தும் ஆயிரக்கணக்கில் கொன்றவருக்கு அந்த மடிப்பைப் பிரிக்க விரல் வரவில்லை.

“குடுய்யா இப்பிடி!” என்று பிடுங்கினாள் யசோதா. பிரித்த வேகத்தில் ஓரம் கிழிந்தது. சரளா குழந்தையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

‘மாமா அத்தைக்கு வணக்கம். கைவிரலில் பனி பட்டதால் பக்கத்துக் கட்டில் ஆளை விட்டு எழுதுகிறேன்…’

அதற்குமேல் யசோதாவுக்குக் கண்ணீரில் எழுத்துத் தெரியவில்லை. சரளாதான் வாங்கி மிச்சத்தைப் படித்தாள். கட்டின பாலத்தைத் தாங்களே உடைத்துவிட்டு, காட்டு வழியாகப் பதினாறு நாள் நடந்தார்களாம். கடைசி அஞ்சு நாள் பச்சரிசியை வாயில் போட்டு மென்றார்களாம், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு பிடி. இடது காலில் மூன்று விரலை எடுத்துவிட்டார்கள். ‘சரளாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லவும். குழந்தை பிறந்ததா? என்ன குழந்தை என்று எழுதவும்.’

“மூணு வெரல்தானே” என்றாள் யசோதா. “மூணு வெரல்தானே, போவட்டும். பதினாறு நாள் நடந்தவன் ரெண்டு வரி எழுத ரெண்டு மாசமா? வரட்டும், காதைப் புடிச்சுத் திருகறேன்.” சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கோவிந்தப்பா மகளின் தலையைத் தொட்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை பியாட்ரிஸ் வீட்டு முன்வாசல் கல்யாண வீடு மாதிரி இருந்தது. லட்சுமம்மா வெல்லம் கொண்டுவந்து எல்லார் வாயிலும் போட்டாள். சரளாவும் வந்து குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இனிமே இன்னாக்கா பயம்?” என்றாள் பியாட்ரிஸ். “அண்ணனைச் சண்டையை எழுதச் சொல்லு. நல்ல ரத்தக்களறியா இருக்கணும். எத்தினி நாளைக்கித்தான் களி கிண்டிக்கினு இருக்கறது?”

“ஆமாம்மா, கொன்னுடச் சொல்லு,” என்று சரளாவே சிரித்தாள். எத்தனை மாதம் கழித்துக் கேட்ட சிரிப்பு. “அவர் வந்து படிக்கட்டும். தான் எப்பிடிச் செத்தோம்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

“படம் வேற வரைஞ்சு வெச்சிருக்காராமே ஆசிரியர். நெஞ்சுல வேலோட!”

எல்லாரும் சிரித்தார்கள். யசோதாவும்தான். சிரித்துக்கொண்டே கூடையில் கைவிட்டவள், நிமிர்ந்து பெர்னதெத்தைப் பார்த்தாள்.

பெர்னதெத்தும் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். வெல்லத்தை வாயில் போட்டிருந்தாள், கன்னத்தில் ஒரு பக்கம் உப்பிக்கொண்டு இருந்தது. மென்று விழுங்காமல் அப்படியே வைத்திருந்தாள். கை பிதுக்கிக்கொண்டே இருந்தது.

“மதலைமுத்து சேதி ஏதாச்சும்…” என்று ஆரம்பித்தாள் யசோதா.

“காணோம்னுதான் பட்டாளத்துலேருந்து எழுதியிருக்காங்கக்கா. செத்தான்னு எழுதல. காணோம்னு.” வெல்லத்தை விழுங்கினாள். “எல்லாருக்கும் சந்தோஷமான நாளு. நான் ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது.”

“கேளு.”

“சண்டை நல்லாத்தான் இருக்கும். ஆனா இன்னும் ரெண்டு வாரம் அவங்க நடக்கட்டுமேக்கா. நடக்கற வரைக்கும் சாப்பாடு போடறாரில்ல அண்ணன்?”

குழந்தை சிணுங்கியது, சரளா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். இத்தனை வாரமும் தன் வீட்டு ஆளுக்காக மட்டும்தான் படையை நிறுத்தி வைத்திருந்தோம் என்று யசோதாவுக்கு உறைத்தது. தன்மேலேயே அவளுக்கு அப்படி ஓர் எரிச்சல் வந்தது. படிக்க எடுத்த பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கோவிந்தப்பா உற்சாகமாக இருந்தார். பாரங்களை அடுக்கி வைத்து, புது நிப்பு போட்டிருந்தார்.

“வந்துட்டியா? கேளு. ‘விடியலில் சங்கு முழங்கியது. ஆற்றைக் கடந்து…’”

“கடக்க வேணாம்.”

“இன்னா?”

“படை ஆத்தைக் கடக்க வேணாம். பெர்னதெத் புள்ளைக்குச் சேதி இல்ல.”

கோவிந்தப்பா பேனாவைப் பாயில் வைத்தார். பிறகு கண் பளிச்சிட்டது.

“நான் ஒண்ணு பண்ணட்டுமா? வண்டிப்படைக்கு ஒரு தலைவன் வேணும். மதலைமுத்துன்னு அவன் பேரையே…”

“யோவ்!” யசோதா போட்ட சத்தத்தில் கொல்லையில் கோழிகள் பறந்தன. “பேர் வெச்சதெல்லாம் போதும்யா! இந்த ஜென்மத்துக்குப் போதும்! யார் பேரும் வேணாம். ஆத்துல வெள்ளம் வந்துடுச்சின்னு எழுது. கரையிலயே நிக்கட்டும்.”

“வெள்ளமா? கதையில இப்ப தை மாசம். தை மாசத்துல பெண்ணையாத்துல கணுக்கால் தண்ணிதான் இருக்கும். ஆடு மாடுகூட நடந்து போவும். படிக்கறவன் காறித் துப்புவான்.”

“துப்பட்டும்.”

“சுந்தரராமனுக்கு இன்னான்னு சொல்றது?”

“அவர் வரட்டும், காப்பி போட்டுத் தர்றேன்.”

“எத்தினி நாளைக்கி யசோதா?”

“அவளுக்குக் கடுதாசி வர்ற வரைக்கும்.”

“வராமலே போச்சுன்னா?”

யசோதா அடுப்படிக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தாள். பின்னால் காகிதம் கிழிகிற சத்தம். அதற்குப் பிறகு நிப்பு கீறுகிற சத்தம்.

தை மாதத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது.